வீடு மிதக்கிறது, எல்லோரும் நலம்

தெஃபே ஏரி
ஜூன் 30, 1996

அன்புள்ள ஒரிவால்தோவுக்கு,

கடிதத்தை ‘நலம்’ என்று தொடங்க வேண்டாம் என்று நினைத்து உட்கார்ந்தேன். அந்தச் சொல்லை வானொலியில் நான்கு முறை உனக்கு அனுப்பியாகிவிட்டது. ‘வீடு மிதக்கிறது, எல்லோரும் நலம்.’ எல்லோரும் என்றால் நான் ஒருத்திதான். வானொலி நிலையத்துத் தெனிசார் அதை வாசிக்கும்போது ஆட்கள் நிறைந்த வீடு போலக் கேட்கிறது.

நேற்றுக் காலை உங்கள் படகுச் சமையல்காரன் பெனே வந்து சேர்ந்தான். நீ கொடுத்தனுப்பிய நுரைப்பெட்டியில் பதினொரு பைகள். ஒன்பதில் மீன் செத்திருந்தது. “சமையக்காரன் கையில மீனக் குடுத்தா வேற என்ன ஆகும்?” என்றாள் பக்கத்து வீட்டு சுயீலா அக்கா. பெனே சிரிக்கவில்லை. ஒன்றரை நாள் படகில் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தானாம். அவனுக்குக் காப்பியும் வேகவைத்த புபுன்யாப் பழமும் கொடுத்தேன். உன்னைப் பற்றிக் கேட்காமலே இருந்தேன். அவனாகவே சொன்னான்: “அண்ணி, உன் புருஷன் யாரோடயும் பேசறதில்ல. வலை எறக்குனா கயித்தக் கையில புடிச்சுக்கிட்டு நின்னுருவான். என்னடா பண்றேன்னா, அடியில என்ன இருக்குன்னு பாக்கறேங்கறான். முப்பது மீட்டர் ஆழம்! கண்ணு எங்க இருக்கு இவனுக்கு, உள்ளங்கையிலயா?”

ஆமாம் என்று சொல்ல நினைத்தேன்.

பிழைத்த இரண்டையும் ஆய்வு மிதவையில் இரண்டு தொட்டிகளில் விட்டிருக்கிறேன். ஆய்வை நடத்தும் டாக்டர் ஹெலோயீசா ஊருக்குப் போகும்முன் எழுதிக் கொடுத்தபடி காலையும் மாலையும் குறிக்கிறேன். தண்ணீரின் சூடு. மீன் எழுப்பும் சுரத்தின் எண். நீ அவற்றை வலையிலிருந்து எடுத்துப் பையில் போடுகிறாய். உனக்கு அவை பார்த்த மீன்கள். ஒரு முறைகூட நீ அவற்றைக் கேட்டதில்லை என்பது நேற்றுத்தான் எனக்கு உறைத்தது. அதனால் எழுதுகிறேன்.

கரையோரப் புல்லில் தூண்டிலுக்குப் பிடிப்போமே, அந்தச் சராபோ மீனின் சொந்தக்காரர்கள்தான் இவை. அதே கத்தி அலகு உடல், வயிற்றின் அடியில் அதே நீளத் துடுப்பு. முன்னால் போவது போலவே பின்னாலும் போகின்றன. ஆனால் கரைச் சராபோ கறுப்பு. இவை வெளிச்சம் எட்டாத இடத்திலேயே இருந்து நிறத்தை விட்டுவிட்டன. உள்ளே ரத்தம் ஓடுவது தெரிகிறது. கண் குண்டூசித் தலை அளவு. இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டு ஒலிபெருக்கியைத் திருகினால் ஒரு சீழ்க்கை கேட்கும். ஒரே சுரம். ஏறாது, இறங்காது, நிற்காது. தூங்கும்போதும் நிற்காது. அது மின்சாரம். மீன் தன்னைச் சுற்றி அதை விரித்து வைத்திருக்கிறது. அதற்குள் ஏதாவது வந்தால், இருட்டிலும் தெரிந்துகொள்கிறது.

நம் வீட்டில் எனக்குத் தெரிவது போல. யாராவது பலகையில் கால் வைத்தால் வீடு அந்தப் பக்கம் அமிழ்கிறது. சுயீலா அக்கா என்றால் சமையல் பக்கம், சட்டென்று. நீ என்றால் முன்பக்கம், இடது மூலை, மெதுவாக. மூன்று மாதமாக இடது மூலை அமிழவில்லை.

நேற்று புனித பேதுரு ஊர்வலம். படகுகள் எல்லாம் கொடி கட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றின. நான் நம் வீட்டு விளிம்பில் நின்று பார்த்தேன். போன வருடம் நீ ஓட்டினாய், சிலை உன் படகில் இருந்தது. இந்த வருடம் ஓட்டியவன் திருப்பத்தில் தடுமாறினான், பேதுரு கையிலிருந்த சொர்க்கச் சாவி தண்ணீரில் விழுந்துவிட்டது. இனி சொர்க்கத்துக்குப் பூட்டே கிடையாது என்று எல்லோரும் சிரித்தார்கள்.

நீ கிளம்பிய அன்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. “ஆறு முழுக்கக் கேட்டது, லூசி. அதனால ஆறு முழுக்கக் கேக்கற மாதிரி ஒரு வார்த்தை சொல்லு. வான்னு சொல்லு. செப்டம்பர் ஏழு, சுதந்திர தினத்துக்குள்ள சொல்லு. இல்லேன்னா அடுத்த வருஷத்துக்கும் படகு வேலைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு மேலயே இருந்துக்கறேன்.”

உனக்குத் தெரியாமல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தேன். ‘தெஃபே ஏரி லூசிமாருக்கு, மூன்றாம் ஆண்டில் மீண்டும் இடம் உண்டு, அடுத்த மார்ச்சில் சேரவும்’ என்று மனாவுஸிலிருந்து தகவல் வந்தது. தகவல் என்றால் இங்கே வானொலிதான். நீ ஐஸ் ஏற்றிக்கொண்டு வரும்போது மதிய நேரத்தில் அதைக் கேட்டாய். வீட்டுக்கு வந்து ஐஸை இறக்கி வைத்தாய். “ரேடியோ கேட்டேன்” என்றாய். அவ்வளவுதான். ஒரு வாரத்தில் ஆய்வுப் படகில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய்.

வானொலி நிலையத்துக்கு ஒவ்வொரு முறையும் ‘வா’ என்று எழுதத்தான் போகிறேன். பின்னால் வரிசை நிற்கிறது. மாமியார் பிழைத்துக்கொண்டார், கோழியை விற்காதே என்று சொல்ல ஒருவர். மோட்டாருக்கு மசகெண்ணெய் கேட்க ஒருவர். தெனிசார் கண்ணாடிக்கு மேலே பார்த்து, “என்ன லூசி, இந்தத் தடவையும் வீடு மிதக்குதா?” என்கிறான். வரிசை சிரிக்கிறது. நான் அதையே எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறேன்.

அதனால்தான் இந்தக் கடிதம். இதில் எழுதுகிறேன். வா.

வலை ஆற்றடி மரத்தில் சிக்காமல் பேதுரு உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும், சாவி இல்லாவிட்டாலும்.

லூசிமார்

*

தெஃபே ஏரி
ஆகஸ்ட் 9

அன்புள்ள ஒரிவால்தோவுக்கு,

உன் பதில் கிடைத்தது. சிகரெட் அட்டையின் பின்பக்கம் இரண்டு வரி. ‘கடிதம் வந்தது. கடிதம் ஆற்றுக்குக் கேட்காது.’

மூன்று நாள் கோபமாக இருந்தேன். பிறகு அட்டையைத் திருப்பி மீண்டும் படித்தேன். பென்சில் ஒரு இடத்தில் அட்டையைக் கிழித்திருந்தது. உனக்கும் கோபம்.

ஜூலையில் தெற்கிலிருந்து குளிர் வந்தது. அங்கேயும் வந்திருக்கும். மூன்று நாள் ஏரியில் ஆவி எழுந்தது. சுயீலா அக்கா தர்சீசியோ அண்ணனின் சட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று போட்டுக்கொண்டு நடந்தாள். “புருஷன்னு ஒருத்தன் இருக்கறதோட லாபம் இதுதான்டி” என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு சட்டையைக் கழற்றி நீட்டினாள். வாங்கவில்லை. உன் சட்டை இருக்கிறது.

தொட்டித் தண்ணீர் குளிர்ந்ததும் மீன்களின் சுரம் இறங்கிவிட்டது. தொள்ளாயிரத்து நாற்பதிலிருந்து எண்ணூற்றுப் பத்துக்கு. நோய் என்று பயந்துவிட்டேன். உன் ஊஞ்சல் படுக்கையை எடுத்துத் தொட்டிகளைச் சுற்றிக் கட்டினேன். டாக்டரின் குறிப்பில் பார்த்தால், குளிர்ந்தால் இறங்குவது இயல்பு என்று எழுதியிருந்தது. படித்த பிறகும் படுக்கையை அவிழ்க்கவில்லை.

ஏரித் தண்ணீர் சரசரவென்று இறங்கத் தொடங்கிவிட்டது. ஆய்வு மிதவையை ஏரி நடுவுக்கு இழுத்துவிட்டார்கள். அவ்வளவு தூரம் தினமும் இரண்டு வேளை துடுப்புப் போட என்னால் முடியவில்லை. தொட்டி ஒன்றையும் பேட்டரியையும் நம் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். ஒரு தொட்டிக்குத்தான் இடம். அதனால் இரண்டு மீன்களையும் ஒன்றாக விட வேண்டியதாயிற்று. செய்யச் சொல்லி டாக்டரின் பட்டியலில் எப்படியும் இருந்ததுதான்.

ஒன்று முழு மீன். மற்றதற்கு வால் பாதிதான். ஆழத்தில் இன்னொரு சராபோ கடித்துத் தின்றது. வால் தின்றே பிழைக்கும் வகைகள் அங்கே உண்டாமே, நீயும் பார்த்திருப்பாய். மின்சாரம் பிறப்பது வாலில்தான். ஆனாலும் பாதி வாலோடு அது சீழ்க்கையை விடவில்லை. கொஞ்சம் மெலிவாக, அதே நிதானத்தில்.

இரண்டின் சுரமும் ஏறக்குறைய ஒன்று. சேர்த்து விட்டவுடன் ஒலிபெருக்கியில் ஒரு அதிர்வு. தகரம் நடுங்குவது போல. இரண்டும் அசையாமல் நின்றுவிட்டன. பிறகு முழு மீன் தன் சுரத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டது. அதிர்வு போய்விட்டது. இரண்டு தனித்தனிச் சீழ்க்கைகள். இரண்டும் நீந்தத் தொடங்கின.

ஒரே சுரத்தில் இருந்தால் இரண்டுக்குமே சுற்றிலும் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போய்விடுமாம். குருடாகிவிடுமாம். அதனால் ஒன்று விலகுகிறது. எது விலகியது என்று குறிக்கச் சொல்லி ஒரு கட்டம் இருந்தது. குறித்தேன்.

நம் கட்டத்தில் என் பெயரைத்தான் போட வேண்டும். டிசம்பரில் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேனே, அன்றைக்கு. உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ தடுப்பாய் என்று பயப்படவில்லை. ‘போ’ என்பாய் என்று பயந்தேன். உன் குரலில் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டாம் என்றுதான் ஒளித்தேன். கடைசியில் உனக்கு வானொலிக்காரன் குரலில் வந்து சேர்ந்தது.

தர்சீசியோ அண்ணன் மூன்று நாளைக்கு ஒரு முறை வந்து நம் கயிற்றை நீட்டிவிட்டு, வீட்டைத் தள்ளி ஆழத்துக்குக் கொண்டுபோகிறார். கரை மெல்ல மெல்லத் தூரமாகிறது. உனக்குத் தெரிந்த அடையாளம் எதுவும் இப்போது பக்கத்தில் இல்லை. ஐஸ் ஆலையின் கால்கள் தெரியாது. நீ படகு கட்டும் சுமாவுமா மரம் தெரியாது. நீ வந்தால் வரிசையில் பன்னிரண்டு வீடுகளில் எது நம்முடையது என்று தேட வேண்டியிருக்கும்.

நேற்றும் வானொலி நிலையத்துக்குப் போனேன். வரிசையில் உன் சித்தப்பா நின்றார். “எழுது எழுது, வீடு மிதக்குதுன்னு எழுது. எங்களுக்கும் அதக் கேட்டாத்தான் சோறு எறங்குது” என்றார். எழுதினேன்.

சுதந்திர தினத்துக்கு இருபத்தொன்பது நாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். கயிறு உள்ளங்கையை அறுத்தால் உப்பு வைக்காதே, கொப்பாயிபா எண்ணெய் வை. பெனேயிடம் இருக்கிறது, நான்தான் கொடுத்தேன்.

லூசிமார்

*

தெஃபே ஏரி
செப்டம்பர் 5

அன்புள்ள ஒரிவால்தோவுக்கு,

வீடு தரைதட்டிவிட்டது.

இதை எழுதும்போது நாற்காலியின் ஒரு காலுக்கு அடியில் கட்டை கொடுத்திருக்கிறேன். பேனா உருண்டுகொண்டே இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி தர்சீசியோ அண்ணனிடம் ஒரு உதவி கேட்டேன். வீட்டைக் கரைப் பக்கம் இழுத்து, பழைய இடத்துக்கு நேரே, கிடைக்கிற தண்ணீரில் நிறுத்தச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். மீன் தொட்டிக்கு ஐஸ் ஆலையிலிருந்து மின்சாரம் இழுக்கப் போகிறேன் என்று பொய் சொன்னேன். செய்து கொடுத்தார். மூன்று நாள் கழித்துக் கயிற்றை நீட்ட வந்தார். வேண்டாம் என்றேன். அதற்கு மூன்று நாள் கழித்து மறுபடி வந்தார். “லூசி, இன்னும் ஒரு முழம் தண்ணிதான் இருக்கு. இப்பத் தள்ளலேன்னா அப்புறம் சாமி வந்தாலும் தள்ள முடியாது.” வேண்டாம் என்றேன். துடுப்பைத் தண்ணீரில் அடித்துவிட்டுப் போனார்.

சத்தம் பெரிதாக இல்லை. காலையில் காப்பி வடிகட்டிக்கொண்டிருந்தேன். அடிமரங்கள் சேற்றைத் தொட்டன. ஒரு பெருமூச்சு மாதிரி. பிறகு தண்ணீர் இறங்க இறங்க, நான்கு நாளில், வீடு சமையல் பக்கம் சாய்ந்தது. தட்டுகள் இடம் மாறின. ஆரஞ்சுகள் எல்லாம் அடுப்படியில் போய்ச் சேர்ந்தன. கதவு சட்டத்தில் இறுகிவிட்டது.

ஊர் சிரிக்கிறது. குடிகாரனோ நேற்று வந்தவனோதான் வீட்டைச் சேற்றில் உட்கார வைப்பான் என்பார்களே. நேற்று ஒரு படகு முழுக்க ஆட்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். “படிச்ச பொண்ணு வீடு!” என்று ஒருவன் கத்தினான். சுயீலா அக்கா தன் வீட்டிலிருந்தே அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் பதில் சொன்னாள். பிறகு சேற்றில் முழங்கால் வரை இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “வேணும்னேதானே பண்ணுன?” என்றாள். ஆமாம் என்றேன். “பைத்தியக்காரி” என்றாள். வெகுநேரம் என் தலைமுடியைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

உனக்குத் தெரியும். கயிறு ஒரு விரல்கடை இறுகினாலும் எனக்குத் தூக்கத்தில் விழிப்பு வரும். எழுந்து போய் நீட்டிவிட்டு வருவேன். நீ ஒரு முறைகூட அதற்காக எழுந்ததில்லை. மறதியால் இது நடக்காது என்று இந்த ஆற்றில் உனக்கு மட்டும்தான் நிச்சயமாகத் தெரியும்.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். மிதக்கிற வரை ‘மிதக்கிறது’ என்றுதான் எழுதிக்கொண்டிருப்பேன் என்று தோன்றியது. அதுதான் முதலில். இன்னொன்று, நீ வந்தால் வீட்டைத் தேட வேண்டியிருக்கக் கூடாது.

முழு மீன் திங்கட்கிழமை செத்துப்போனது. சாய்ந்ததால் இல்லை, அதற்கு முன்பே இரையெடுக்கவில்லை. அன்று ஒலிபெருக்கியில் ஒரே சீழ்க்கைதான். பாதி வால் மீன் இருக்கிறது. வால் வளர்கிறது. கண்ணாடியில் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், கோட்டைத் தாண்டிவிட்டது. தொட்டியும் வீட்டோடு சேர்ந்து சாய்ந்துதான் நிற்கிறது. உள்ளே தண்ணீர் மட்டும் நேராக இருக்கிறது. மொத்த வீட்டில் நேராக இருப்பது அது ஒன்றுதான். தலை சுற்றினால் அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

இன்று காலை வானொலி நிலையத்துக்குப் போனேன். வரிசை நீளம். தெனிசார் வழக்கம்போல ஆரம்பித்தான், “என்ன லூசி, வீடு...” பாதியில் நிறுத்திக்கொண்டான். அவனுக்கும் தெரிந்திருக்கிறது. தாளை நீட்டினேன். படித்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தான்.

“இத வாசிக்கவா? ஜப்புரா ஆத்துலேர்ந்து ஜுருவா ஆறு வரைக்கும் சிரிப்பாங்களே.”

“சிரிக்கட்டும்.”

“ஒரு சேதிக்குப் பதினஞ்சு வார்த்தை, இன்னும் மூணு பாக்கி இருக்கு. ‘எல்லோரும் நலம்’ சேத்துரவா?”

“வேண்டாம். காலியா இருக்கட்டும்.”

பின்னால் வரிசையில் யாரும் சிரிக்கவில்லை.

நாளை மதியம் வாசிக்கிறான். இந்தக் கடிதம் நாளை மாலைப் படகில் ஏறும். அதனால் இதைப் படிக்கும்போது நீ அதைக் கேட்டிருப்பாய். பெனேயும் கேட்டிருப்பான், படகில் எல்லோரும் கேட்டிருப்பார்கள். ஒருவேளை மோட்டார் ஓடிக்கொண்டிருந்து கேட்காமல் போயிருந்தால், இதுதான் அது:

‘ஒரிவால்தோவுக்கு. வீடு தரைதட்டிவிட்டது. கயிற்றை நான்தான் நீட்டவில்லை. தண்ணீர் வரும்வரை எங்கும் போகாது. வா. லூசிமார்.’

நீ கேட்டபடி ஆறு முழுக்கக் கேட்கும். சுதந்திர தினத்துக்கு முந்தின நாள்.

விண்ணப்பித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. படிக்க எனக்கு ஆசை இருக்கிறது, ஒரிவால்தோ. அந்த மீன்களின் எண்களை யாரோ சொல்லக் குறித்துக்கொண்டிருக்காமல், நானே கேள்வி கேட்க ஆசை. ஆனால் நீ அதை ஐஸ் படகில் தனியாக நின்று வானொலியில் கேட்டாயே, அதற்கு மன்னித்துவிடு.

ஜனவரியில் தண்ணீர் ஏறும். அடிமரங்களைத் தூக்கும். அதுவரை இந்த வீட்டை யாராலும் எங்கும் இழுக்க முடியாது. நான்கு மாதம். வகுப்பு மார்ச்சில்தான். வீட்டை எந்தப் பக்கம் இழுப்பது, இழுப்பதா வேண்டாமா என்று பேசிக்கொள்ள நமக்கு நான்கு மாதம் இருக்கிறது. ‘போ’ என்று நீ சொல்லத்தான் வேண்டுமென்றால் இங்கே வந்து, என் எதிரே உட்கார்ந்து சொல். நாற்காலிக்கு இன்னொரு கட்டை வெட்டி வைக்கிறேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டாயா, தெரியவில்லை. போட்டிருந்தால் என்ன செய்வது என்றும் தெரியவில்லை. பாதி வால் மீனை என்ன செய்வது என்று டாக்டருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். ஆழத்தில் கொண்டுபோய் விடலாம் என்றால், அந்த இடம் உனக்குத்தான் தெரியும்.

வந்தால் ஐஸ் ஆலைப் பக்கமாக வா. சுமாவுமா மரத்திலிருந்து சேற்றில் பலகை போட்டிருக்கிறேன், மூன்றாவது பலகை ஆடும். கதவைத் தள்ளினால் திறக்காது, கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும்.

இன்னும் ஒன்று. இப்போது யார் ஏறினாலும் வீடு அமிழ்வதில்லை. சுயீலா அக்கா வந்து பின்னால் நின்றாலும் எனக்குத் தெரிவதில்லை. இடது மூலையில் நீ கால் வைத்தாலும் தெரியாது.

அதனால் ஏறும்போது குரல் கொடு.

உன்
லூசிமார்